மின்சாரக் காரும் அடாஸும்: வண்டிக்கு என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள்

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரகடத்தில் வேலை, மாதம் ஒருமுறை அப்பா அம்மாவைப் பார்க்கக் கும்பகோணம். ஏறக்குறைய 50 யூனிட் பேட்டரியும் லெவல் 2 அடாஸும் (கேமரா, ராடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டீர்கள். ஷோரூமில் "நெடுஞ்சாலையில் வண்டி தானே ஓடும்" என்கிறார்கள். நண்பர் "நம் ஊர்ச் சாலையில் அடாஸ் ஆபத்து, முதல் நாளே எல்லாவற்றையும் அணைத்துவிடு" என்கிறார். யார் சொல்வது சரி, அன்றாடம் இந்த வண்டி எப்படி இருக்கும், ஊரில் அப்பா ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் சரியில்லை. இருவருமே அடாஸை ஒரே பொருளாக நினைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பெயருக்குக் கீழே பத்துப் பதினைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. சில நம் ஊருக்கென்றே செய்ததுபோல உதவும். சில ஜெர்மனியின் கோடு போட்ட சாலைக்கு உரியவை. எது எந்த வகை என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்த வசதி எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? அதே கேள்வியைப் பேட்டரி அளவு காட்டும் திரையிடமும் கேட்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் "தானே ஓடும்" என்ற பேச்சை முடித்துவிடலாம். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுகோலில் 0 முதல் 5 வரை ஆறு படிகள். லெவல் 2 என்றால் வேகத்தையும் ஸ்டியரிங்கையும் வண்டி ஒரே நேரத்தில் கையாளலாம்; ஆனால் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை முழுக்க ஓட்டுநருடையது. வண்டி ஏதாவது ஒன்றைக் கவனிக்கத் தவறினால் அது உங்கள் தவறு, வண்டியின் தவறு அல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்குத் திருத்தம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆட்டோபைலட் இயங்கும்போது ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று வண்டி போதுமான அளவு உறுதி செய்யவில்லை என்பதே அங்குள்ள சாலைப் பாதுகாப்புத் துறையின் குறை. கோடும் பலகையும் ஒழுங்காக உள்ள நாட்டிலேயே நிலைமை இது. ஓட்டுநர் இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காணொளி எடுப்பவர்களைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி வண்டியின் கண்களுக்கு வருவோம். முன் கண்ணாடியில், பின்னோக்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். சாலைக் கோடுகளையும், இது கார், இது லாரி, இது ஆள் என்ற உருவ வேறுபாட்டையும் அதுதான் சொல்கிறது. முன் பம்பரிலோ, சில வண்டிகளில் நிறுவனச் சின்னத்தின் பின்னாலோ ஒரு ராடார் இருக்கும். எதிரில் இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம்மை நோக்கி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை அது துல்லியமாக அளக்கும். பின் பம்பரின் இரு முனைகளில் இன்னும் இரண்டு சிறிய ராடார்கள். ஓடும்போது அடாஸ் முடிவெடுப்பது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். நம் சாலையைப் பற்றிய பொது அறிவு எதுவும் அதற்குள் கிடையாது.

ராடாரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதி அபாயம் புரிந்துவிடும். நகரும் பொருளைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டிக்காரன். நிற்கும் பொருளில் தடுமாறும். காரணம் எளிது. சாலையில் வழிகாட்டிப் பலகை, மேம்பாலத் தூண், நடுத்தடுப்புக் கம்பி, சுங்கச்சாவடிக் கூரை என எல்லாமே ராடார் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓடவே முடியாது. அதனால் அதிக வேகத்தில் செல்லும்போது, நிற்கும் பொருள்களிலிருந்து வரும் சைகைகளுக்கு மென்பொருள் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. கேமராவும் ஒத்துக்கொண்டால்தான் அது பொருட்படுத்தும்.

இப்போது நம் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். இரவு 11 மணி, திண்டிவனத்துக்கு முன்னால் எங்கோ ஒரு லாரி பழுதாகி இடது தடத்திலேயே நிற்கிறது. பின் விளக்கு எரியவில்லை. கிளீனர் நாலு கற்களை வரிசையாக அடுக்கி, ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகிய எவருக்கும் அந்தக் கிளை போதும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். கேமராவுக்கு அது குப்பை. ராடாருக்கு அது ஒன்றுமே இல்லை. இதைவிடக் கொடியது இன்னொன்று. நீங்கள் குரூஸில், அதாவது முன் வண்டியோடு இடைவெளி விட்டு, குறித்த வேகம் வரை வண்டியே வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் வசதியில், ஒரு பஸ்ஸின் பின்னால் மணிக்கு 80 கி.மீ.இல் போகிறீர்கள், குறித்து வைத்த வேகம் 95. நிற்கும் லாரியைக் கண்டு பஸ் சட்டென வலப்புறம் ஒதுங்குகிறது. உங்கள் வண்டிக்குத் தெரிவது 'முன்னால் இருந்த பஸ் விலகிவிட்டது, வழி காலி' என்பதுதான். 95ஐ எட்ட வேகத்தைக் கூட்டும். லாரியைக் கண்டுகொள்வதற்கு அதற்கு ஓரிரு நொடிகள் ஆகும்; அந்த நொடிகள் உங்களிடம் இருக்காது. ஆகவே இரவில், நம் நெடுஞ்சாலையில், குரூஸ் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பகலில்? நன்றாக உதவும், ஒரு சிக்கலோடு. முன் வண்டியோடு விடும் இடைவெளியை மூன்று நான்கு படிகளில் மாற்றலாம்; அது நொடிக் கணக்கு. மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் 50 மீட்டர் வெற்றிடம் என்பது ஊருக்கே விடுத்த அழைப்பு. ஒரு ஆம்னி பஸ் நுழையும், அதன் பின்னால் இரண்டு பைக். ஒவ்வொருவர் நுழையும்போதும் வண்டி கடமை உணர்வோடு பிரேக் பிடித்து இடைவெளியை மறுபடி உண்டாக்கும், மறுபடி ஒருவர் நுழைவார். இடைவெளியைக் குறைத்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் திடீர் பிரேக் அழுத்தமாக விழும். உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரி ஓட்டுநர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். முன்னால் யாரும் தெரியாதபோது நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பது அவருக்குப் புரியாது. என் வழக்கம் இதுதான்: சாலை காலியாக உள்ள பகல் நேரத்தில் இடைவெளி அதிகபட்சம், வேகம் 80 முதல் 90. நெரிசல் கூடியதும், ஊர் வந்ததும் குரூஸை அணைத்துவிடுவது. பரனூர் சுங்கச்சாவடிக்கு ஒரு கி.மீ. முன்பே அணைத்துவிடுங்கள். ஃபாஸ்டேக் வரிசையின் கடைசியில் நிற்கும் காரை வண்டி பார்க்கும் என்று நம்பிச் சோதித்துப் பார்க்கும் இடம் அது அல்ல.

நெரிசலிலேயே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது மட்டும் கதை வேறு. பெருங்களத்தூரில் வெள்ளிக்கிழமை மாலை, 10 கி.மீ. வேகத்தில் நகரும் கூட்டத்தில், நின்று கிளம்பும் வேலையை வண்டியிடம் விட்டால் கால் வலி மிச்சம். பைக்குகள் குறுக்கே வருவார்கள், வண்டி நிற்கும். அந்த வேகத்தில் அதனால் பெரிய கேடில்லை. ஆனாலும் பிரேக்குக்கு மேலே கால் இருக்கட்டும்.

அவசர பிரேக் என்னும் வசதியை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். உங்கள் நண்பர் சொன்னதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத இடம் இது. மோதல் உறுதி என்று கேமராவும் ராடாரும் சேர்ந்து முடிவு செய்தால்தான் அது தலையிடும். மற்ற நேரங்களில் அது இருப்பதே தெரியாது. நகர வேகத்தில் மோதலை அடியோடு தவிர்க்கக்கூடும். 100இல் போகும்போது தவிர்க்க முடியாவிட்டாலும் மோதும் வேகத்தைக் குறைக்கும், அதுவே சாவுக்கும் காயத்துக்கும் இடையிலான வித்தியாசமாக இருக்கலாம். நம் ஊரில் தொல்லை தருவது பிரேக் அல்ல, அதற்கு முன் வரும் எச்சரிக்கை ஒலி. ஒவ்வொரு ஸ்கூட்டர் உரசிப் போகும்போதும் கூச்சலிடும். அமைப்புகளில் எச்சரிக்கை நேரத்தை 'தாமதம்' என்று வைத்து, ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலில் முழுவதையும் அணைப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் இழப்பது பெரிது. இதையும் சொல்ல வேண்டும்: மாட்டுக்கும் நாய்க்கும், எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் சைக்கிளுக்கும் இது பிரேக் பிடிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

தடம் காக்கும் வசதிக்கு வருவோம். கேமராவுக்குக் கோடு தெரிந்தால்தான் இதற்கு வேலை. செங்கல்பட்டிலிருந்து விக்கிரவாண்டி வரை கோடு தெரியும். அங்கே பரவாயில்லை, நீண்ட பயணத்தில் தோள் வலியைக் குறைக்கும். ஆனால் நீங்கள் விக்கிரவாண்டியில் திரும்பி பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு வழியாகத்தானே போவீர்கள்? அங்கே இதை அணைத்துவிட்டே திரும்புங்கள். புதிதாக அகலப்படுத்திய பகுதியும் பழைய பகுதியும் மாறி மாறி வரும் சாலை அது. மாற்றுப்பாதையில் பழைய கோடு ஒரு பக்கம் இழுக்கும், டிரம் வைத்த தடுப்பு மறுபக்கம் போகச் சொல்லும். பள்ளத்தைத் தவிர்க்க நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தால், கோட்டைத் தாண்டுகிறாய் என்று வண்டி எதிர்த்துப் பிடிக்கும். அறுவடைக் காலத்தில் டெல்டாவின் உட்சாலைகளில் பாதிச் சாலை நெல்லும் உளுந்தும் காயும் களமாகியிருக்கும், ஓரத்தில் கருங்கல் வரிசை. அங்கே எது தடம் என்று முடிவு செய்ய வேண்டியது மனிதர்தான். கரும்பு ஏற்றிய டிராக்டரையும் குறிப்பாகச் சொல்கிறேன். ராடாருக்கு நன்றாகத் தெரிவது டிரெய்லரின் இரும்பு. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அல்ல.

ஷோரூமில் யாரும் பெரிதாகப் பேசாத பின்புற வசதிகள்தான் நம் ஊருக்கு உண்மையில் வரம். ரிவர்ஸ் எடுக்கும்போது இருபுறமிருந்தும் வரும் வண்டியைச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று. கடைத்தெருவில் இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து பின்னால் எடுக்கும்போது, உங்கள் கண்ணுக்கு வருவதற்கு முன்பே ஆட்டோவை அது கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, கண்ணாடியில் தெரியாத மூலையைக் காட்டுவது. சில வண்டிகளில் இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துக் கேமராப் படம் ஓட்டுநர் திரையிலேயே வரும். இடது பக்கம் திரும்பும்போது இடது பக்கமாகவே முந்த வரும் பைக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி கிடையாது. ஒரே நிபந்தனை, இண்டிகேட்டர் போட வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லாததால் இந்த வசதி பலரது வண்டியில் தூங்குகிறது.

இந்தக் கண்களை மறைக்காமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஆயுத பூஜையன்று முன்புறம் சாத்தும் ஆளுயர மாலையும் வாழைக்கன்றும் ராடாருக்கு நேராகத் தொங்கும். வீட்டுக்குத் திரும்பும்வரை 'உணரி மறைக்கப்பட்டுள்ளது' என்று திரை புலம்பும். சந்தனத்தையும் குங்குமத்தையும் கேமராவுக்கு எதிரே கண்ணாடியில் இடாமல் கொஞ்சம் தள்ளி இடுங்கள், சாமி கோபிக்காது. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டும் ஆசை வேண்டாம். 2017இலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதற்குத் தடை சொல்லிவிட்டது, போதாததற்கு ராடாரையும் குருடாக்கும். முன் கண்ணாடி மாற்றினாலோ, பம்பரைக் கழற்றிப் பூட்டினாலோ கேமராவையும் ராடாரையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1.7 மீட்டர் தள்ளிப் பார்க்கும், அதாவது பக்கத்துத் தடத்து வண்டியை உங்கள் வண்டிக்கு முன் நிற்பதாக நினைக்கும். தெருமுனைப் பட்டறையில் இதைச் செய்ய முடியாது. காப்பீட்டில் இந்தச் செலவு அடங்குகிறதா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

சரி, மின்சாரப் பக்கம். இங்கேயும் அதே கேள்விதான்: 'இன்னும் 380 கி.மீ. போகலாம்' என்று திரை சொல்கிறதே, எதைப் பார்த்துச் சொல்கிறது? நீங்கள் அண்மையில் ஓட்டிய விதத்தைப் பார்த்து. வாரம் முழுவதும் படப்பை வழியாக 40இல் ஊர்ந்தீர்கள் என்றால் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ.க்கு மேல் கொடுத்திருக்கும். அந்த நினைவில் 380 என்கிறது. சனிக்கிழமை நெடுஞ்சாலையில் 100இல் போகப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80இல் உள்ளதைவிட 100இல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம், 120இல் இரண்டேகால் மடங்கு. எண் விறுவிறுவென்று இறங்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதற்றம் ஏறும். விளம்பரத்தில் உள்ள ஏஆர்ஏஐ (இந்தியாவில் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண் ஆய்வுக்கூடத்துச் சோதனையின் முடிவு. இரண்டு வண்டிகளை ஒப்பிட அது உதவும், பயணம் திட்டமிட உதவாது. உதாரணத்துக்கு, 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கின் 51.4 யூனிட் பேட்டரிக்கு அப்போது அறிவித்த எண் 473 கி.மீ. நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து 95இல் போனால் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 300தான்.

உங்கள் கும்பகோணம் ஏறக்குறைய 270. முழுச் சார்ஜில் கிளம்பினால் போய்ச் சேரலாம், 10 சதவீதம் மிச்சத்தில். அப்படிப் போகாதீர்கள். விக்கிரவாண்டிப் பக்கம் எப்படியும் சாப்பிட நிறுத்துவீர்கள். அங்கே 50 அல்லது 60 கிலோவாட் சார்ஜரில் 25 நிமிடம் போட்டால் 17, 18 யூனிட் ஏறும், நூறு கி.மீ.க்கு மேல் கையில் வரும். பொங்கலும் காபியும் முடிவதற்குள் அது முடிந்துவிடும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும். அதற்கு மேல் காத்திருப்பது நேர விரயம், பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல். சார்ஜரை நம்பும்போது ஒரு விதி: 20 சதவீதத்துக்குக் கீழே போவதற்கு முன்பே போய்ச் சேருங்கள், அதற்கு 30 கி.மீ.க்குள் இன்னொரு நிலையமும் தெரிந்திருக்கட்டும். செயலியில் 'இயங்குகிறது' என்று பச்சையாக இருப்பதை நம்ப வேண்டாம். கடைசியாக யார், எப்போது வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தார்கள் என்று பாருங்கள். சார்ஜர் முனையை (கன்) வண்டியில் மாட்டியும் தொடங்காத நிலையம், மின்வெட்டில் கிடக்கும் நிலையம், சார்ஜருக்கு முன் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர் என்று மூன்றையும் பார்ப்பீர்கள்.

வீட்டுச் சார்ஜ்தான் இந்த வண்டியின் முழுச் சுகம். தினம் 50 கி.மீ. என்றால் 7, 8 யூனிட் போதும். அதற்கு 11 கிலோவாட் சுவர்ச் சார்ஜரோ மும்முனை இணைப்போ தேவையே இல்லை. 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் சார்ஜர் இரண்டரை மணி நேரத்தில் அதை முடித்துவிடும். இரவு முழுவதும் இருக்கிறது. 7 கிலோவாட் இருந்தால் நல்லது, அதற்கு மேல் கொடுக்கும் காசு உங்கள் பயன்பாட்டுக்கு வீண்.

மின் கட்டணத்தில் ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல் உண்டு. வீட்டு மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் படிக்கட்டு முறையில். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறுகிறது. கார் மட்டும் இரண்டு மாதத்தில் 450 முதல் 500 யூனிட் வரை இழுக்கும். இப்போது 450இல் நிற்கும் வீடு 900ஐத் தாண்டும். முதல் பில்லைப் பார்த்து அதிர்ந்துவிடாதீர்கள். காருக்கான ஒவ்வொரு யூனிட்டையும் 10 ரூபாய் என்று வைத்து, சார்ஜில் வீணாகும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தாலும், கி.மீ.க்கு ஏறக்குறைய 1.60 ரூபாய். பெட்ரோலில் இதே அளவு வண்டி 7, 8 ரூபாய் கேட்கும். பொது டி.சி. (விரைவு) சார்ஜரில் யூனிட் 20 ரூபாயைச் சுற்றி, மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி; அங்கே லாபம் பாதியாகும். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி மின்சாரக் கார் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதனால் உங்கள் முதல் வேலை குடியிருப்போர் சங்கத்தில். வண்டி வருவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இரண்டு வழிகள்: உங்கள் மீட்டரிலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை தனிக் கேபிள், அல்லது பொது இணைப்பிலிருந்து துணை மீட்டர். முதலாவது கணக்கு வழக்குக்குச் சுத்தம். 'மின்சாரத்தை மறுவிற்பனை செய்யக்கூடாது' என்று செயலாளர் சொன்னால், வாகனத்துக்குச் சார்ஜ் செய்வது மின் விற்பனை அல்ல, சேவைதான், அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018இலேயே விளக்கம் தந்துவிட்டதை எடுத்துக் காட்டுங்கள். 'தீப்பிடிக்கும்' என்று யாராவது சொல்வார்கள். மின்பளு மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும், தடித்த செம்புக் கேபிளும் போட்ட படத்தைக் காட்டினால் பேச்சு பெரும்பாலும் அங்கே முடியும். அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்து வீட்டில் கவனிக்க வேண்டியது எர்த். பழைய வீடுகளில் அது பெயருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நல்ல சார்ஜர் அதைச் சோதித்துப் பார்த்து, சிவப்பு விளக்கைப் போட்டு மறுத்துவிடும். அப்போது உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து, பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, 'இப்போது பாருங்கள்' என்பார். விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். தெருவில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும். இதை ஒருபோதும் செய்ய விடாதீர்கள். தோட்டத்தில் முறையாகக் குழி எடுத்து எர்த் போடச் சொல்லுங்கள், சில ஆயிரம் ரூபாய்தான்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. உங்கள் வண்டியில் இருப்பது என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) வகை என்றால் அன்றாடம் 80 சதவீதத்தில் நிறுத்தி, பயணத்தன்று மட்டும் நிரப்புங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் அவ்வப்போது 100 வரை நிரப்பச் சொல்வார்கள். அந்த வகையில் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே அளவில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று வண்டி சரியாகக் கணிக்க அந்த முழு நிரப்பல் தேவைப்படுகிறது. சென்னை வெயிலில் நிழலில் நிறுத்துவது பெயிண்டுக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் நல்லது. அடியில் பெரிய பேட்டரி இருந்தாலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. அது படுத்தால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது, அதையும் கவனியுங்கள். மழைக்காலத்தில், பேட்டரிக்கு ஐபி67 சான்று இருக்கிறது என்று தைரியம் சொல்வார்கள். அது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரத்துக்கான சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏற்றி நிறுத்தியவர்கள் செய்தது மின்சாரக் காருக்கும் பொருந்தும்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறைந்து பேட்டரிக்குத் திரும்ப மின்சாரம் அனுப்பும் ரீஜென் வசதிக்கு ஓட்டுபவர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்; பின்னால் உட்காருபவர் பழகமாட்டார். மிகுந்த அளவில் வைத்து ஓட்டினால் உங்கள் அம்மாவுக்கு மேல்மருவத்தூருக்குள் குமட்டல் வரும். குடும்பத்தோடு போகும்போது குறைந்த அளவில் வையுங்கள். முழுச் சார்ஜில் இருக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாததால் ரீஜென் வேலை செய்யாது, அன்றைக்குக் காலை மட்டும் வண்டி பிடிப்பில்லாமல் போவதுபோலத் தோன்றும். கொடைக்கானல் போனால் இது முக்கியம். ஆட்களோடு 2 டன் எடையை 1,800 மீட்டர் ஏற்ற, சாலைத் தூரத்துக்கான செலவு போக, மேலே ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 10 யூனிட் தேவை. இறங்கும்போது அதில் பெரும்பகுதி திரும்ப வரும், ஆனால் மேலே விடுதியில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால் வராது, பிரேக்தான் சூடேறும். எண்பதோடு நிறுத்தி இறங்குங்கள்.

கடைசியாக அப்பா. தாராளமாக ஓட்டலாம், கிளட்ச், கியர் இல்லாததால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெட்ரோல் காரைவிட வசதி. ஆனால் உங்கள் அமைப்புகளோடு அவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். ஓட்டுநருக்கு ஒன்று என அமைப்புகளைத் தனித்தனியே சேமிக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் அவர் பெயரில் ஒன்று வையுங்கள். அதில் ரீஜென் மிகக் குறைவு, தடம் காப்பது அணைப்பு, குரூஸ் பட்டனைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அவசர பிரேக்கும் பின்புற எச்சரிக்கைகளும் இயக்கத்தில். நாற்பது ஆண்டு ஓட்டிய கைக்கு ஸ்டியரிங் தானாக அசைந்தால் திகைப்பு வரும், திகைத்தவர் எதிர்த்துத் திருப்புவார். அதைத் தவிர்க்கத்தான் இது. மோட்டார் சத்தமில்லாததால் வண்டி இயக்கத்தில் இருப்பதே தெரியாமல் இறங்கிப் போய்விடுபவர்கள் உண்டு. 'பி' பட்டனை அழுத்தி, கை பிரேக் விளக்கைப் பார்த்து, அணைத்துவிட்டு இறங்கும் வரிசையை அவரோடு சேர்ந்து சில முறை செய்து பாருங்கள். மின்சாரக் காரின் முதல் உந்துதல் பெட்ரோலைவிட வேகம் என்பதால், முதல் ஓட்டம் மகாமகக் குளத்தைச் சுற்றிய கடைத்தெருவில் வேண்டாம். அதிகாலையில் காலியாக இருக்கும் புறவழிச்சாலையில், உந்துதலைக் குறைத்துச் சிக்கனமாக ஓட்டும் ஈகோ முறையில் தொடங்கட்டும்.